வெளிநாட்டுக் காதில் நம் குரல்: பைண்டிங் கடையில் கேட்ட கேள்விகள்

நீலகிரியில் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ராணுவத்தில் எழுத்தர். இங்குள்ள முப்படை ஸ்டாஃப் காலேஜில் படிக்கும் அதிகாரிகள் ஆய்வேட்டைத் தைத்து அட்டை போட என்னிடம் கொண்டுவருவார்கள். கடந்த சில ஆண்டுகளாக அந்த அட்டைகளில் 'ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்' என்ற சொல் அடிக்கடி தங்க எழுத்தில் ஏறுகிறது. ஆதார் நகல் எடுக்க வந்து காத்திருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதைத் தொகுத்தேன். ஆய்வேடுகளுக்குள் இருப்பது எனக்குச் சொந்தமில்லை, அதைத் தொடவும் இல்லை. பொதுவில் தெரிந்ததும் நான் பட்டதும் மட்டுமே இங்கே இருக்கின்றன.

அட்டையில் என்னவோ பெரிய பெயராகப் போட்டிருக்கிறதே, அது விளம்பரம்தானே?

விளம்பரம் அதில் ஒரு துண்டு. ஒரு நாடு வெளியே எதைச் சாதிக்க நினைக்கிறதோ, அதற்கேற்ப அதன் பேச்சும் செயலும் ஒரே பக்கம் இழுக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் முழு வேலை. கப்பல் அனுப்புவதும் பேச்சு, அனுப்பாமல் இருப்பதும் பேச்சு. தமிழில் 'உத்திசார் தகவல் தொடர்பு' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழைய மறுக்கும் சொல். நான் 'வெளிப்பேச்சு' என்று சுருக்கிக்கொள்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்ததா?

அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன கதை நமக்கெல்லாம் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டிப் பெருமைப்பட்டான். உன்னுடையவை நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. அவ்வளவுதான் செய்தி. அவர் எதையும் புளுகவில்லை. எதிரி தானே திறந்து காட்டிய அறையை வைத்தே பேசினார்.

நவீன காலத்திலும் நாம் புதியவர்கள் இல்லை. அகில இந்திய வானொலியின் வெளிநாட்டுச் சேவை 1939 அக்டோபர் 1-ஆம் தேதி பஷ்தோ மொழி ஒலிபரப்புடன் தொடங்கியது. ஆப்கானியர் காதில் ஜெர்மானிய வானொலி ஓதிக்கொண்டிருந்ததற்கு ஆங்கில அரசு கொடுத்த பதில் அது.

பொய் சொல்வதும் இதில் சேர்த்திதானா?

எதிரித் தளபதியை ஏமாற்றுவது போர்க்கலை. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டுப் பொதுமக்களிடமும் பத்திரிகைகளிடமும் பொய் சொன்னால் அடுத்த முறை உண்மை சொன்னாலும் எடுபடாது. இரண்டையும் ஒரே அலுவலகத்தில் வைக்கக்கூடாது என்பது பட்டுத் தெரிந்த பாடம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2001 தாக்குதலுக்குப் பிறகு ஓர் அலுவலகம் திறந்தது. வெளிநாட்டு ஊடகங்களில் பொய்ச் செய்தியும் நுழைக்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும், 2002 பிப்ரவரியிலேயே அதை இழுத்து மூட நேர்ந்தது. 2005-ல் அமெரிக்க ராணுவம் ஈராக் பத்திரிகைகளுக்குக் காசு கொடுத்துக் கட்டுரை போடவைத்தது வெளிவந்தது. அந்தக் கட்டுரைகளில் உண்மையும் இருந்தது. காசு கொடுத்த செய்தி வந்த பிறகு அந்த உண்மையை யார் நம்புவார்கள்?

இதற்கு நேர்மாறான உதாரணம் நம்மிடமே உண்டு. 1999 கார்கில் போரின்போது, பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃப் ராவல்பிண்டியில் இருந்த தன் கீழ் ஜெனரலுடன் தொலைபேசியில் பேசிய பதிவை ஜூன் மாதம் இந்தியா வெளியிட்டது. ஊடுருவியவர்கள் போராளிகள்தான், ராணுவத்துக்குத் தொடர்பில்லை என்ற பாகிஸ்தானின் வாதம் அதோடு நொண்டியது. நாம் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

மானெக்‌ஷா ரேடியோவில் பேசியதைக் கேட்டுத்தான் 1971-ல் 93,000 பாகிஸ்தானியர் சரணடைந்தார்கள் என்கிறாரே எங்கள் தாத்தா?

குன்னூரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். ஃபீல்டு மார்ஷல் இங்கேதான் வாழ்ந்தார். 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, ராணுவத் தளபதியாக இருந்த அவருடைய செய்திகள் வானொலியில் போயின, துண்டுப் பிரசுரங்களாகவும் விழுந்தன. நீங்கள் சூழப்பட்டுவிட்டீர்கள், சரணடைந்தால் கண்ணியமாக நடத்தப்படுவீர்கள் என்பது சாரம்.

தாத்தா சொல்வதில் பாதி சரி. அந்தச் செய்தி விழுந்த இடத்தில் இருந்த சிப்பாய் தலையை நிமிர்த்திப் பார்த்தால் வானத்தில் அவனுடைய விமானம் இல்லை, கடலில் அவனுடைய கப்பல் இல்லை. படித்ததையும் பார்த்ததையும் அவனால் ஒப்பிட முடிந்தது, இரண்டும் பொருந்தின. அதே பிரசுரத்தை நவம்பரில் போட்டிருந்தால் பீடி சுற்றப் பயன்பட்டிருக்கும்.

நம் நாட்டில் இதற்கு ஒரே அலுவலகம் இருக்கிறதா?

இல்லை. வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு செய்தித் தொடர்பாளர் உண்டு. வெளிநாட்டு மக்களிடம் நேரடியாகப் பேசும் பொது ராஜதந்திரத்துக்கென்று 2006-ல் ஒரு பிரிவு தொடங்கினார்கள். பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தனி மக்கள் தொடர்பு இயக்ககம், ராணுவத் தலைமையகத்தில் தனிப் பிரிவு, கடற்படைக்கும் விமானப் படைக்கும் தனித்தனித் தொடர்பாளர்கள். கலைக்கு 1950-லிருந்து இந்தியப் பண்பாட்டு உறவுகள் குழு. தூதரகங்களில் ராணுவத் தரப்பில் இருக்கும் பாதுகாப்பு இணையாளர்கள் (டிஃபென்ஸ் அட்டாஷே).

பாகிஸ்தானில் 1949 முதல் முப்படைக்கும் ஒரே வாய்தான். அதனால் வேகம் கிடைக்கிறது. ஆனால் அந்த வாயை அந்த நாட்டு அரசாலேயே மூட முடியாது. நாம் அதை நகலெடுக்க வேண்டியதில்லை. பல வாய் இருக்கட்டும், அவை ஒரே மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஏதாவது நடந்தால் நம்மவர்கள் ஏன் இவ்வளவு நேரம் வாயே திறப்பதில்லை?

2021 டிசம்பர் 8 இங்கே யாருக்கும் மறக்காது. ஸ்டாஃப் காலேஜில் பேச வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் நண்பகல் கடந்து நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. ஊர் மக்கள் கம்பளியும் குடத்துத் தண்ணீருமாக ஓடினார்கள். விபத்து நடந்ததை விமானப் படை பிற்பகலில் உறுதி செய்தது. அவர் இறந்ததை மாலை 6 மணி வாக்கில் அறிவித்தது.

நடுவில் இருந்த அந்த மணி நேரங்களில் என் கடைத் தொலைபேசி ஓயவில்லை. கூடப் பணியாற்றிய நேபாளத்துக்காரர் போகராவிலிருந்து கூப்பிட்டு, ஏவுகணையாமே என்றார். யார் சொன்னது என்றேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். குடும்பங்களுக்குச் சொல்லாமல் மரணத்தை அறிவிக்க முடியாது, அந்தத் தாமதம் நியாயமானது. ஆனால் 'இது தெரியும், இது இன்னும் தெரியாது, இத்தனை மணிக்கு மறுபடி பேசுவோம்' என்று மணிக்கொரு தடவை ஒருவர் வந்து நின்றிருக்கலாம். எதிர்பாராமல் மாறிய வானிலையில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, சதியோ இயந்திரக் கோளாறோ இல்லை என்ற முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வந்தது. போகராவில் அதற்குள் ஏவுகணை ஐந்து வாரம் குடியிருந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாகிஸ்தானுக்குள் போய் விழுந்தது. மறுநாள் அவர்கள் உலகத்துக்கு அறிவித்தார்கள். நாம் ஒப்புக்கொண்டது 11-ஆம் தேதி. ஒப்புக்கொண்டது நேர்மைதான். ஆனால் இரண்டாவதாகப் பேசுகிறவன் எப்போதும் பதில் சொல்கிறவனாகத்தான் தெரிவான்.

இழப்பை ஒத்துக்கொண்டால் எதிரிக்குத்தானே லாபம்?

சில நாட்கள் மறைக்க ராணுவக் காரணம் இருக்கும். அதை நானும் மறுக்கவில்லை. மாதக்கணக்கில் மறைப்பது வேறு விஷயம். 2019 பிப்ரவரி 27-ல் காஷ்மீரின் பட்காமில் விழுந்த நம் ஹெலிகாப்டரைச் சுட்டது நம் ஏவுகணையே என்று விமானப் படைத் தளபதி வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில். சொன்ன விதத்தில் கண்ணியம் இருந்தது, பெரிய தவறு என்றே சொன்னார். ஆனால் அந்த ஏழு மாதத்தில் வெளிநாட்டு நிருபர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: இந்தியா சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பது.

பாகிஸ்தானுடனான 2025 மே மோதலில் நம் பக்கம் விமான இழப்பு உண்டா என்ற கேள்விக்கு, இழப்பு போரின் ஒரு பகுதி என்ற அளவில்தான் டெல்லியில் பதில் வந்தது. மே 31-ல் முப்படைத் தலைமைத் தளபதி எண்ணிக்கை சொல்லாமல் ஒத்துக்கொண்டார், அதுவும் சிங்கப்பூரில் வெளிநாட்டு நிறுவனப் பேட்டியில். ஏன் விழுந்தது, எப்படித் திருத்திக்கொண்டு மறுபடி பறந்தோம் என்று அவர் சொன்னது நல்ல பேச்சு. அதையே மே நடுவில் டெல்லியில் சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மற்றவர்கள் இஷ்டத்துக்கு எண்ணிக்கை போட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் இருந்தீர்களாமே. எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே உங்களைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். தமிழ் பேசுகிற ஆட்கள் இருந்தும் ஏன் அப்படி?

கேட்டவர் பந்தலூர்ப் பக்கத்து அம்மா. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து திரும்பிவந்த குடும்பம். நீலகிரியில் தேயிலை பறிக்கிற பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கிறது, வெளியில் கேட்க மாட்டார்கள். இவர் கேட்டார்.

1987 ஜூன் 4-ல் யாழ்ப்பாணத்தின் மேல் நம் விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டன. ஜூலை 29-ல் இந்திய–இலங்கை ஒப்பந்தம், அதன்படி அமைதிப் படை போனது. முதலில் போனவர்களுக்கு மாலை விழுந்தது. அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. அந்த மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். எங்கள் தரப்பு இரு பக்கத் துப்பாக்கிச் சூடு என்றது. உயிர் தப்பியவர்கள் வேறு சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தப் பிரசுரத்தில் என்ன எழுதினாலும் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. மானெக்‌ஷா கேள்வியில் சொன்னதேதான், திசை மட்டும் வேறு: பார்த்ததும் படித்ததும் பொருந்தவில்லை.

நான் 1988-ல் வவுனியாவில் இருந்தேன். தமிழ் எழுதத் தெரிந்தவன் என்பதால் அறிவிப்புகளை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. 'சந்தேகம் இருந்தால் எங்கள் அதிகாரியிடம் பேச வாருங்கள்' என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். சைக்கிள் கடைப் பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, 'தம்பி, பேச வரச் சொல்கிறீர்களா, கதைக்க வரச் சொல்கிறீர்களா?' என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவது கதைப்பது. எங்கள் ஊரிலோ கதை விடுவது என்றால் புளுகுவது. திட்டு வாங்கிக்கொள்ள வரும்படி ஊருக்கே அழைப்பு ஒட்டியிருக்கிறேன்! ஒட்டியதை நானே நனைத்துச் சுரண்டி எடுத்தேன். தமிழ் தெரிந்தவனுக்கே இந்தக் கதி. 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கப்பல் ஏறியபோது நாங்கள் ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தோம். அந்தப் பக்கத்துச் சாவுகள் தனி. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதல்வர் வரவில்லை.

அப்படியென்றால் ஆங்கிலத்தில் மட்டும் பேசிவிட்டால் குழப்பம் இல்லையே?

டெல்லியில் இருக்கிற வெளிநாட்டு நிருபருக்குக் குழப்பம் இருக்காது. காத்மாண்டு டீக்கடைக்காரருக்கும் டாக்கா மாணவருக்கும் அது போய்ச் சேராது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் 1948 முதல் டெல்லியில் அயல்மொழிப் பள்ளி இருக்கிறது. குறை ஆள் இல்லாததில் இல்லை. சிங்களமோ பர்மியமோ படித்தவரை இரண்டு மூன்று வருடத்தில் வேறு வேலைக்கு மாற்றிவிடுவதில் இருக்கிறது. சைக்கிள் கடைப் பெரியவரின் கேள்வி புரிய அகராதி போதாது, அந்த ஊரில் நாள்பட இருக்க வேண்டும்.

உதவி செய்தாலே போதுமே, பேச்சு எதற்கு?

2004 சுனாமியில் நம் கரையே சிதைந்து கிடந்தபோது, நம் கடற்படைக் கப்பல்கள் ஒரு நாளுக்குள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கிளம்பின. அதைவிட நல்ல வெளிப்பேச்சு நான் பார்த்ததில்லை. இந்தோனேசியாவில் அமெரிக்கா மீது நல்லெண்ணம் கொண்டவர்கள் 2003-ல் 15 சதவீதம், அமெரிக்கா செய்த சுனாமி நிவாரணத்துக்குப் பிறகு 2005-ல் 38 சதவீதம் என்று பியூ என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது.

ஆனால் உதவியையும் கெடுக்க முடியும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் நம் ராணுவமும் விமானப் படையும் நன்றாகவே உழைத்தன. கூடவே போன நம் தொலைக்காட்சிகள், பிணத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் மைக்கை நீட்டி எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டன. 'இந்திய ஊடகமே, வீட்டுக்குப் போ' என்ற வாசகம் ட்விட்டரில் உலகம் சுற்றியது. அதே போகராக்காரர் அப்போதும் கூப்பிட்டார். இந்த முறை அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதைத் தடுக்க டிவிக்காரர்களை அரசு அடக்கினால் என்ன?

அடக்கினால் அவர்கள் நல்லது சொல்லும்போதும் அரசு சொல்லச் சொன்னது என்பார்கள். மீட்பு ஹெலிகாப்டரில் யாரை ஏற்றுவது என்று முடிவு செய்யலாம், அதுவே பாதி வேலை. மீதிக்கு எனக்கும் வழி தெரியவில்லை.

அமெரிக்கா இவ்வளவு கொட்டியும் ஏன் பெயர் கெட்டுப்போனது?

2002-ல் அமெரிக்க முஸ்லிம்கள் எவ்வளவு சுகமாக வாழ்கிறார்கள் என்று காட்டும் விளம்பரப் படங்களை எடுத்தார்கள். சில நாடுகள் ஒளிபரப்பவே மறுத்தன. பார்த்தவர்களின் கேள்வி அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றியதாக இல்லை, பாலஸ்தீனத்தையும் ஈராக்கையும் பற்றியதாக இருந்தது. பென்டகனின் ஆலோசனைக் குழுவே 2004-ல், கோபம் நம் சுதந்திரத்தின் மேல் இல்லை, கொள்கைகளின் மேல்தான் என்று எழுதிக் கொடுத்தது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது நம் அலுவலகங்களுக்கும் தெரிந்த வித்தைதான்.

வெளியே பேசுவதற்கு என்று ஆரம்பித்து, நம்மிடமே பிரச்சாரம் செய்ய மாட்டார்களா?

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது. இந்தப் பட்டியலிலேயே கடினமான கேள்வி இது. அமெரிக்கா 1948-ல் ஒரு சட்டம் போட்டு, பின்னால் அதைத் திருத்தியும், வெளிநாட்டுக்குத் தயாரித்ததை உள்நாட்டில் பரப்பக்கூடாது என்று வேலி கட்டியது. இணையம் வந்த பிறகு அந்த வேலிக்கு அர்த்தமில்லாமல் போய், 2012-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

நம்மிடம் ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டுக்குச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு பல நேரம் உள்ளூர் கைத்தட்டலுக்குத்தான் பேசுகிறார்கள். இங்கே விசில் வாங்கும் வசனம் அங்கே மிரட்டலாகக் கேட்கிறது. தம்புள்ளையிலும் திம்புவிலும் அதே நிமிடம் அதே காணொளி ஓடுகிறது. ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: வெளிநாட்டுக்கான அறிக்கையை உள்ளூரில் வாசித்தால் சலிப்பாக இருக்க வேண்டும். சிலிர்த்தால் சந்தேகப்படுங்கள்.

எம்.பி.க்களை ஏழு குழுவாக அனுப்பினார்களே, அது வீண் செலவுதானே?

2025 மே மோதலுக்குப் பிறகு வெளிநாடுகளுக்குப் போனவற்றைச் சொல்கிறீர்கள். வீண் என்று சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சி எம்.பி. வெளியே போய் அரசுக்காக வாதாடுவது, எந்த விளம்பரத்தாலும் காட்ட முடியாத ஜனநாயகத்தைக் காட்டியது. ஸ்பெயினில் இந்தியாவின் தேசிய மொழி எது என்று கேட்டதற்குக் கனிமொழி, வேற்றுமையில் ஒற்றுமைதான் என்றார். உள்ளூரில் நாம் சண்டை போடும் விஷயத்தையே அங்கே பலமாக மாற்றியது கெட்டிக்காரத்தனம். ஆனால் அடி நடந்த பிறகு போன குழு அது. வருடம் முழுக்கப் போகாத வீட்டுக்குக் கடன் கேட்க மட்டும் போவது போல ஆகிவிடக்கூடாது.

சரி, உங்களிடமே பொறுப்பைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

கிண்டலாகத்தான் கேட்டார்கள், இருந்தாலும் சொல்கிறேன். நடவடிக்கையைத் திட்டமிடும் அறையிலேயே வெளிப்பேச்சு அதிகாரிக்கு ஒரு நாற்காலி போடுவேன். இப்போது எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, இதை நல்லபடியாகச் சொல் என்கிறார்கள். இப்படிச் செய்தால் எப்படிக் கேட்கும் என்று முன்னாலேயே சொல்லி ஒரு திட்டத்தை நிறுத்தும் தைரியம் அவருக்கு வேண்டும். மேலே சொன்ன 'தெரியும், தெரியாது, மறுபடி எப்போது' அறிக்கையை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் அதிகாரத்தைக் களத்தில் இருப்பவருக்கே கொடுப்பேன். டெல்லி ஒப்புதலுக்குக் காத்திருந்தால் அந்த மணி போய்விடும். மொழி தெரிந்தவரை ஐந்தாறு வருடம் அசைக்க மாட்டேன். எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்ற கணக்கை வாங்கவே மாட்டேன், பெரும்பாலும் நம்மவர்கள் போட்டதாக இருக்கும்.

இங்கே படிக்க வருகிற வெளிநாட்டு அதிகாரிகளால் நமக்கு என்ன பயன்? ரேட் ஏறியதுதான் மிச்சம்.

கேட்டவர் டாக்ஸி ஓட்டுநர். நட்பு நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு ஏறக்குறைய ஒரு வருடம் இங்கே இருக்கிறார்கள். குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்குகிறார்கள், பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு விளையாடுகின்றன. ஊருக்குத் திரும்பிப் பதவியில் ஏறும்போது இந்தியா என்றால் அவர்கள் நினைவில் வருவது டெல்லி அறிக்கை இல்லை, இந்த மலைதான். நைஜீரியாவின் ஒபசாஞ்சோ 1965-ல் வெலிங்டனில் படித்தவர். பின்னால் ராணுவ ஆட்சியின் தலைவரானார், 1999-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரும் ஆனார்.

அந்த ஓட்டுநர் முந்தின வாரம்தான் ஓர் ஆப்பிரிக்க அதிகாரியிடம் ஊட்டி போய்வர இரண்டு மடங்கு வாங்கியிருந்தார். அதற்காகவே ஒபசாஞ்சோ கதையை விவரமாகச் சொன்னேன். வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்போது அவரிடம் ஊட்டிக்கு எவ்வளவு வாங்கியிருப்பார்கள்?' என்றார்.